சிங்கி இறாலின் நடமாட்டத்தைக் கண்காணிப்பது எப்படி: மும்பைக் கடலை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மும்பைக் கடலில் பிடிபடும் சிங்கி இறால்களில் முதன்மையானது பானுலிரஸ் பாலிபேகஸ் என்னும் சேற்றுச் சிங்கி. குமரிக் கரையின் பாறைகளில் கிடைக்கும் பானுலிரஸ் ஹோமாரஸ் இனத்திலிருந்து இது பழக்கத்தில் வேறுபட்டது. கலங்கிய நீரும், சேற்றுத் தரையும், ஆற்று முகங்களின் அண்மையும் இதற்கு ஒத்துவரும். 90 மீட்டர் ஆழம் வரை காணப்பட்டாலும் 40 மீட்டருக்கு உட்பட்ட நீரிலேயே அதிகம் வாழ்கிறது. மும்பையின் மீன்பிடித் துறைகளான வெர்சோவாவிலும் சசூன் டாக்கிலும் கோலி மீனவர்கள் இதைச் சேவண்ட் என்கிறார்கள். இழுவலையிலும், தரையில் நிறுத்தும் செவுள் வலையிலும், ஓத நீரோட்டத்தில் நிலையாகக் கட்டும் பை வலையான அவர்களின் மரபான டோல் வலையிலும் இது அகப்படுகிறது.

இந்தக் கடலுக்கு ஒரு கசப்பான முன்கதையும் உண்டு. தட்டையான உடலும் அகன்ற உணர்கொம்பும் கொண்ட மணல் சிங்கி, அதாவது தீனஸ் இனம், ஒருகாலத்தில் மும்பையின் இறால் இழுவலைகளில் தாராளமாக வந்துகொண்டிருந்தது. 1990-களின் நடுப்பகுதிக்குள் அந்தத் தொழில் முற்றிலும் சரிந்துபோனது. முட்டை சுமக்கும் பெண் சிங்கிகள் பெருமளவில் வாரப்பட்டதே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெண் சிங்கிகள் எந்த மாதத்தில் எந்த இடத்தில் கூடுகின்றன என்பது முன்கூட்டியே துல்லியமாகப் பதிவாகியிருந்தால், எதை எப்போது தவிர்க்க வேண்டும் என்று படகுக்காரர்களிடம் பேசுவதற்காவது ஒரு பிடி இருந்திருக்கும்.

மும்பையில் மீன்வளம் படிக்கும் தமிழ் மாணவர்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களோடு பணியாற்றுபவர்கள், மேற்குக் கரை நெடுகிலும் தொழில் செய்யும் குமரி மாவட்ட விசைப்படகுகளோடு தொடர்புள்ளவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சிறிய குழு, அளவான பணம், கலங்கிய கடல் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதே இதன் எல்லை.

முதல் படி: கேள்வியை எழுதிக்கொள்ளுதல்

"சிங்கி எங்கே போகிறது?" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. எந்த விதியை உருவாக்க அல்லது மாற்ற இந்தத் தகவல் தேவைப்படுகிறது என்பதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஒரு பகுதியை மீன்பிடிக்கு மூடலாமா என்பது கேள்வியானால், ஒரு சிங்கி ஓர் ஆண்டில் எவ்வளவு பரப்பிற்குள் சுற்றுகிறது என்று தெரிய வேண்டும். எந்த மாதங்களில் மூடுவது என்பது கேள்வியானால், முட்டை சுமக்கும் பெண் சிங்கிகள் ஆழத்திற்கும் கரைக்கும் இடையே எப்போது நகர்கின்றன என்று தெரிய வேண்டும். மும்பைப் படகுகளும் குஜராத்துப் படகுகளும் ஒரே இருப்பைத்தான் பங்குபோடுகின்றனவா என்பது கேள்வியானால், மாநில எல்லையைக் கடந்து செல்லும் சிங்கிகளின் விகிதம் வேண்டும். இம்மூன்றுக்கும் தேவையான குறிகளின் (அடையாளம் காணச் சிங்கியில் பொருத்துபவை) எண்ணிக்கை, காலம், செலவு எல்லாம் வேறு வேறு. மூன்றையும் ஒரே திட்டத்தில் அடைக்க முயன்றால், மூன்றுக்குமே அரைகுறை விடைதான் மிஞ்சும்.

எண்ணிக்கையை இந்தக் கட்டத்திலேயே தோராயமாகக் கணக்கிட்டுவிடலாம். விடுவித்த நூற்றில் ஐந்து திரும்பி வரும் என்று வைத்துக்கொண்டால், 60 மீள்பிடிப்புகளை (குறியோடு மீண்டும் பிடிபடுபவை) பெற 1,200 சிங்கிகளுக்குக் குறியிட வேண்டும். அவற்றை ஆண், பெண், இரு பருவங்கள் என்று பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் 15 மட்டுமே நிற்கும். உயிருள்ள சிங்கியின் விலையை இந்த 1,200 உடன் பெருக்கிப் பார்த்தபின் பலரின் கேள்வி தானாகவே சுருங்கிவிடும். அப்படிச் சுருங்குவது நல்லதே.

இரண்டாம் படி: பிற கடல்களில் கண்டதைத் தெரிந்துகொள்ளுதல்

சேற்றுச் சிங்கியும் அடங்கிய முள் சிங்கிகளின் நடமாட்டம் இனத்துக்கு இனம் மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது. ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணையில் வாழும் பானுலிரஸ் ஆர்னேட்டஸ் இனம், இனப்பெருக்கத்திற்காகப் பப்புவா வளைகுடாவைக் கடந்து யூல் தீவு வரை சுமார் 500 கிலோமீட்டர் நடக்கிறது. குறியிட்டு விட்ட சிங்கிகள் அங்கே பிடிபட்டதால்தான் இது உறுதியானது. வழியிலேயே இழுவலை அவற்றை வாரிக்கொண்டால் முட்டையிடும் கூட்டமே அழியும் என்பதால், நகரும் சிங்கிகளை இழுவலையில் பிடிப்பதற்குத் தடை வந்தது. நம் மன்னார் வளைகுடாவிலும் இதே இனம் பிடிபடுகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பானுலிரஸ் சிக்னஸ், ஓடு கழற்றி வெளிறிய நிறத்தோடு நவம்பர் முதல் ஜனவரி வரையிலான காலத்தில் கரையோரப் பாறைகளை விட்டு ஆழத்திற்கு இறங்குகிறது. கரீபியக் கடலின் பானுலிரஸ் ஆர்கஸ், இலையுதிர்காலப் புயல்களை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, முன்னால் செல்வதை உணர்கொம்பால் தொட்டபடியே நகரும். நியூசிலாந்தின் ஜேசஸ் எட்வர்ட்சி பெரும்பாலும் சில கிலோமீட்டருக்குள் தங்கிவிட்டாலும், தெற்குக் கரையில் அதன் ஒரு பகுதி நூறு கிலோமீட்டருக்கு மேலும் நீரோட்டத்தை எதிர்த்து நடக்கிறது.

இவற்றிலிருந்து நமக்கு வேண்டிய பாடம் எளிது. குமரியின் ஹோமாரஸில் கண்டதை மும்பையின் பாலிபேகஸுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஒரே இனத்திலும் ஆண், பெண், வயது, பருவம் ஆகியவற்றைப் பொறுத்து நடை மாறும்.

மூன்றாம் படி: முறையைத் தேர்ந்தெடுத்தல்

செயற்கைக்கோள் குறி ஏன் கூடாது என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். ரேடியோ அலை கடல்நீரில் சிறிது தூரத்திலேயே மடிந்துவிடும். ஆமையோ திமிங்கிலமோ மூச்சுவிட மேலே வரும்போது செயற்கைக்கோளுடன் தொடர்பு கிடைக்கிறது. சிங்கி வாழ்நாள் முழுவதும் தரையிலேயே கிடப்பது. எனவே ஜி.பி.எஸ். இங்கே உதவாது. மீதியிருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, எண் அச்சிட்ட நெகிழிக் குறியைப் பொருத்தி விட்டுவிட்டு, மீண்டும் பிடிபடும்வரை காத்திருப்பது. மற்றொன்று, ஒலி எழுப்பும் சிறு கருவியை ஓட்டின்மேல் ஒட்டி, கடலடியில் வைத்த ரிசீவர்களால் கேட்பது.

மும்பைக்கு முதல் வழியையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. சில அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நீரில் முக்குளித்து எண்ணும் வேலை நடக்காது. இழுவலைகள் ஓயாமல் உழும் சேற்றுத் தரையில் விலையுயர்ந்த ரிசீவர்களைப் பரப்பி வைப்பதும் அறிவுடைமை ஆகாது. நெகிழிக் குறிக்கோ இங்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு: கடல் முழுக்கப் படகுகள் இருப்பதால் குறியைத் திரும்பிப் பார்க்க ஆட்களும் இருக்கிறார்கள். ஒலிக்குறியைக் குறிப்பிட்ட ஒரு பாறைத்திட்டுக்கான துணை ஆய்வாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: அனுமதியும் துறைமுகத்து உடன்பாடும்

மகாராஷ்டிரத்தின் கடற்பகுதி 1981-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வருவதால், மாநில மீன்வளத் துறையிடம் எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். வெர்சோவாவில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தையோ, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மும்பை மையத்தையோ இணைத்துக்கொண்டால் பணி எளிதாகும்.

அதைவிட முக்கியமானது கரையில் பெறும் ஒப்புதல். சங்கத் தலைவர்கள், கோலிப் படகுகளை ஓட்டும் தாண்டேல்கள், குமரிப் படகுகளை ஓட்டும் ஸ்ராங்குகள், ஏலம் விடுபவர்கள், ஏற்றுமதி நிறுவனங்களுக்குச் சிங்கி வாங்கித் தரும் முகவர்கள் ஆகியோரிடம் விடுவிப்பு தொடங்கும் முன்பே பேசியாக வேண்டும். அவர்கள் நேரடியாகக் கேட்கப் போகும் கேள்வி ஒன்றே: "நாங்கள் இடத்தைச் சொன்னால், அந்த இடத்தை அரசு மூடிவிடுமா?" இதற்கு மழுப்பலான பதில் சொல்வது திட்டத்தையே கெடுத்துவிடும். மூடல் ஒரு சாத்தியம்தான், ஆனால் தரவை முதலில் உங்களிடமே காட்டுவோம், தனிப் படகின் இடம் யாருக்கும் வெளியிடப்படாது என்று சொல்லி, அதை எழுதியும் கொடுங்கள். துல்லியமான இடத்தைச் சொல்லத் தயங்குபவர்களுக்கு, ஐந்து நிமிட (ஒரு நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒன்று) அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்களாகப் பிரித்த வரைபடத்தைத் தந்து, கட்டத்தின் எண்ணை மட்டும் கேட்கலாம். ஒரு கட்டத்தின் வடக்கு–தெற்கு நீளம் ஐந்து கடல் மைல், அதாவது சுமார் 9.3 கிலோமீட்டர். இருபது கிலோமீட்டர் நகர்வைக் கண்டறிய இது போதும். இரண்டு கிலோமீட்டர் நகர்வைக் கண்டறியப் போதாது. முதல் படியில் எழுதிய கேள்வி இங்கேதான் கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: சிங்கியைப் பெற்று, அளந்து, குறியிடுதல்

இழுவலையில் வந்த சிங்கிகளைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். மணிக்கணக்கில் வலையின் அடியில் நசுங்கிய சிங்கி வெளியே நலமாகத் தோன்றினாலும் விடுவித்தபின் சாகலாம். செத்த சிங்கி திரும்பி வராததை நாம் "வெகுதூரம் போய்விட்டது" என்று தவறாகப் படிக்க நேரும். செவுள் வலையில் சிக்கியவற்றையோ கூண்டில் பிடித்தவற்றையோ நியாயமான விலை கொடுத்துப் படகிலேயே வாங்கி, பிடித்த இடத்திலேயே குறியிட்டு விடுவது சிறந்தது. துறைமுகம் வரை கொண்டுவந்து, பிறகு வேறோர் இடத்தில் விடக் கூடாது. இதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு: கரீபியச் சிங்கிகளை 12 முதல் 37 கிலோமீட்டர் வரை, வழி தெரியாதபடி மூடிய பெட்டிகளில் கொண்டுசென்றபோதும், அவை பிடிபட்ட இடத்தின் திசையை நோக்கியே நடக்க முற்பட்டன, பூமியின் காந்தப் புலத்தை அவை வரைபடம்போலப் பயன்படுத்துவதாக 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. இடம் மாற்றி விட்ட சிங்கியின் பயணம் வீடு திரும்பும் முயற்சியாக இருக்கலாம். அதை இயல்பான நடமாட்டம் என்று எழுதினால் ஆய்வு பொய்யாகிவிடும்.

படகில் சிங்கியை நிழலில், கடல்நீரில் நனைத்த சாக்கின்கீழ் வையுங்கள். நன்னீர் படக் கூடாது. உணர்கொம்பைப் பிடித்துத் தூக்கினால் அது ஒடிந்து கையோடு வரும். காலைப் பிடித்தால் காலையே உதறிவிடும். தலைமார்பு ஓட்டின் இரு பக்கங்களையும் கையுறை அணிந்த கையால் பற்றி, வால் அடிப்பதற்கு இடம் தராமல் நிறுத்த வேண்டும். வாலை வலுவாக அடிக்காத, சோர்ந்துபோன சிங்கியை விலக்கிவிடுங்கள். ஓடு கழற்றி இன்னும் மென்மையாக இருப்பதையும் அப்படியே விலக்குங்கள்.

அளப்பதற்கு வெர்னியர் காலிப்பர் வேண்டும். கண்களுக்கு மேலுள்ள இரு கொம்புகளின் நடுவிலிருந்து தலைமார்பு ஓட்டின் பின்விளிம்பு வரை, முதுகின் நடுக்கோட்டில் மில்லிமீட்டரில் அளந்தால் அதுவே ஓட்டு நீளம். மொத்த நீளத்தை நம்ப வேண்டாம், வால் மடங்கும் அளவைப் பொறுத்து அது மாறும். பாலினத்தை அடிப்பகுதியில் பார்க்க வேண்டும்: ஆணின் இனப்பெருக்கத் துளை ஐந்தாம் காலின் அடியிலும், பெண்ணின் துளை மூன்றாம் காலின் அடியிலும் இருக்கும், வளர்ந்த பெண்ணின் ஐந்தாம் காலின் நுனியில் சிறு கவ்வியும் இருக்கும். பெண்ணின் மார்புத் தட்டில் கருமையான படிவு காணப்பட்டால், அது ஆண் ஒட்டிவிட்டுப் போன விந்துப் பொதி. இனச்சேர்க்கை முடிந்துவிட்டது என்று பொருள். முட்டை இருந்தால் அதன் நிறத்தையும் எழுதுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் புதிதாக இட்டதையும், பழுப்பு நிறம் பொரிக்கும் தறுவாயையும் காட்டும். பெண் எங்கே முட்டையிட்டது, எங்கே பொரிக்கச் சென்றது என்ற கேள்விக்கு இந்த ஒரு சொல்தான் பின்னர் விடையாகும். களத்தில் அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுவே.

குறியை எங்கே பொருத்துவது என்பதில்தான் மொத்த ஆய்வும் நிற்கிறது. சிங்கி வளரும்போது ஓட்டைக் கழற்றிவிடும் என்பதால், ஓட்டில் கட்டியதோ ஒட்டியதோ அதனுடனேயே போய்விடும். கழற்றும் நேரத்தில் தலைமார்பு ஓட்டுக்கும் வாலின் முதல் வளையத்துக்கும் இடையே உள்ள மென்சவ்வு பிளந்து, அந்த வாய் வழியாகவே உடல் வெளியே வருகிறது. எனவே அந்தச் சவ்வின் வழியாக, நடுக்கோட்டிலிருந்து சற்றே பக்கவாட்டில், வாலின் தசைக்குள் குறியின் நங்கூரம் (தசையில் மாட்டிக்கொள்ளும் முனை) பதிந்திருந்தால், பழைய ஓடு விலகும்போது குறி உடலோடு தங்கிவிடும். நடுக்கோட்டில் இரத்தக்குழாயும் குடலும் ஓடுவதால் அங்கே குத்தக் கூடாது. இதற்கான துப்பாக்கி, துணிக்கடையில் விலைச்சீட்டு கோக்கும் கருவியைப் போன்றதே. ஊசி கூர்மையாகவும், ஒவ்வொரு முறையும் கிருமிநாசினியில் நனைத்ததாகவும் இருக்க வேண்டும். குறியிட்டபின் மெல்ல இழுத்துப் பார்த்து, நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு பகுதிச் சிங்கிகளுக்கு, நடுக்கோட்டின் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு குறிகள் இடுங்கள். குறி உதிரும் வீதத்தை அறிய இதைத் தவிர மலிவான வழி இல்லை. கணக்கு பின்னால் வருகிறது.

பதிவேட்டில் குறி எண், நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், தரையின் தன்மை, பிடித்த கருவி, ஓட்டு நீளம், பாலினம், முட்டையின் நிலை, ஓட்டின் நிலை, இழந்த கால்கள் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். செல்பேசியில் பதிவது வசதிதான். ஆனாலும் ஈரக் கையோடு வேலை செய்யும் படகில் பென்சிலும் நீர் புகாத தாளுமே இறுதிவரை உழைக்கின்றன.

ஆறாம் படி: விடுவித்தல்

மேற்பரப்பில் தூக்கிப் போட்டுவிட்டு வந்தால், சிங்கி தரையைத் தொடும் முன்பே வேட்டைமீன்களுக்கு இரையாகலாம். அடிப்பக்கம் திறக்கும் ஒரு கம்பிக்கூண்டில் வைத்துக் கயிற்றால் தரைவரை இறக்கி, அங்கே திறந்துவிடுவது பாதுகாப்பானது. நீரோட்டம் தணிந்த வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஓதப் பெருக்கின்போது, அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில், மும்பையில் நீர்மட்டம் ஐந்து மீட்டரை ஒட்டி ஏறி இறங்குவதால், இடைநேரத்தில் இழுப்பு கடுமையாக இருக்கும்.

ஏழாம் படி: குறிகளைத் திரும்பப் பெறுதல்

குறியின்மேல் எண்ணோடு ஒரு செல்பேசி எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். சுவரொட்டிகளை மராத்தி, இந்தி, தமிழ் ஆகிய மூன்றிலும் தயாரியுங்கள். தமிழ்ச் சுவரொட்டியைத் தாராவியிலோ சயானிலோ அச்சடித்துக்கொள்ளலாம். குறியிட்ட சிங்கியின் பெரிய படம், தர வேண்டிய தகவல்கள், வெகுமதி ஆகியவை மட்டும் அதில் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் படம் விளங்க வேண்டும்.

சிங்கியைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அது விலைபோகும் பொருள். ஆய்வுக்காக யாரும் அதைக் காத்துவைக்கமாட்டார்கள், காத்துவைக்கவும் வேண்டியதில்லை. குறி, நாள், இடம், ஆழம், நீளம் ஆகியவையே நமக்குத் தேவை. மில்லிமீட்டர் கோடிட்ட நெகிழிப் பட்டை ஒன்றைப் படகுதோறும் கொடுத்துவிட்டால், அதன்மேல் சிங்கியைக் கிடத்திப் படமெடுத்து அனுப்பிவிடுவார்கள். வெகுமதியை அன்றே, பணமாகத் தர வேண்டும். மாதக்கடைசியில் ரசீதோடு வரச் சொல்லும் திட்டத்திற்கு இரண்டாவது குறி வராது.

வரும் குறிகளில் எத்தனை விழுக்காடு நமக்குச் சொல்லப்படுகிறது என்பதையும் அளக்க வேண்டும். சில குறிகளுக்கு மட்டும் பல மடங்கு வெகுமதி என்று குறியிலேயே அச்சிட்டு விடுவித்தால், அவை ஏறத்தாழ அனைத்தும் திரும்பும் என்று கொள்ளலாம். சாதாரணக் குறிகள் திரும்பும் வீதத்தை அதனோடு ஒப்பிட்டால் சொல்லாமல் விடப்பட்டவற்றின் பங்கு தெரியும். ஏற்றுமதிக்காகத் தரம் பிரிக்கும் இடங்களில் வேலை செய்பவர்களையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். படகில் கவனிக்காத குறி அங்கேதான் கண்ணில் படும். ஆனால் அப்படி வரும் குறிக்கு இடம் தெரியாது என்பதால், எந்தப் படகின் சரக்கு என்பதையாவது அன்றே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

எட்டாம் படி: ஒலிக்குறி, தேவைப்படும் இடத்தில் மட்டும்

சிறு திட்டு ஒன்றில் இரவு, பகல் நடமாட்டத்தை அறிய வேண்டுமானால் ஒலிக்குறி பயன்படும். பரவலாகப் பயன்படுவது 69 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை. ஒவ்வொரு குறியும் தனக்கான சங்கேத ஒலியை ஒழுங்கற்ற இடைவெளியில் எழுப்பும். இடைவெளி சீராக இருந்தால் இரு குறிகளின் ஒலிகள் தொடர்ந்து மோதிக்கொண்டே இருக்கும் என்பதே ஒழுங்கின்மைக்குக் காரணம். மூன்று ரிசீவர்கள் ஒரே ஒலியைக் கேட்டால், வந்துசேர்ந்த நேர வேறுபாட்டிலிருந்து இடத்தைக் கணக்கிடலாம். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், கடிகாரத்தில் ஒரு மில்லிநொடி பிசகினால் தொலைவில் ஒன்றரை மீட்டர் பிசகும்.

ரிசீவர்களை வைக்கும் முன் கேட்கும் தொலைவைச் சோதித்தாக வேண்டும். ஒரு குறியை 50, 100, 200, 300 மீட்டர் தொலைவுகளில் நிறுத்தி, ஓதப் பெருக்கும் தணிவும் அடங்கும்படி குறைந்தது 15 நாள் பதிவுசெய்யுங்கள். கப்பல் இரைச்சலும், அலையும், பாறையிடுக்கில் வெடிப்பொலி எழுப்பும் சிறு இறால்களும் இத்தொலைவை வெகுவாகக் குறைக்கும். ஆய்வு முழுவதும் ஒரு குறியை அசையாமல் ஓரிடத்தில் கட்டி வைத்தால், சிங்கியின் ஒலி கேட்காத நேரத்தில் சிங்கி போய்விட்டதா, கடல் இரைகிறதா என்று பிரித்தறியலாம். பகலில் சிங்கி பொந்துக்குள் புகுந்துகொள்வதால் ஒலி மறைவது இயல்பு. இரவும் பகலும் ஒரே இடத்திலிருந்து மாறாமல் ஒலி வந்துகொண்டிருந்தால், அது கழற்றிய ஓடாகவோ செத்த சிங்கியாகவோ இருக்கும். மணிக்கு ஆறு கடல் மைல் வேகத்தில் துறைமுகத்தை நோக்கி நகர்ந்தால், என்ன நடந்தது என்று விளக்கத் தேவையில்லை. ரிசீவர்களை மே மாத முடிவுக்குள் எடுத்துவிடுங்கள்; பருவமழைக் கடலை நம்பி எதையும் அடியில் விட்டுவைக்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: கணக்கிடுதல்

தொலைவை முதலில் பாருங்கள். ஓர் அட்சரேகைப் பாகை சுமார் 111 கிலோமீட்டர். 19 பாகை வடக்கில் அமைந்த மும்பையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை சுமார் 105 கிலோமீட்டர். 19.10 வடக்கு, 72.60 கிழக்கில் விட்ட சிங்கி 18.95 வடக்கு, 72.45 கிழக்கில் பிடிபட்டதாகக் கொள்வோம். தெற்கே 0.15 பாகை, அதாவது 16.7 கிலோமீட்டர், மேற்கே 0.15 பாகை, அதாவது 15.8 கிலோமீட்டர். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறத்தாழ 23 கிலோமீட்டர், தென்மேற்காக. இது நேர்கோட்டுத் தொலைவு, அதாவது குறைந்தபட்சம். இதை நாள்களால் வகுத்து "ஒரு நாளின் வேகம்" என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பத்து மாதம் கழித்து விட்ட இடத்திலேயே கிடைத்த சிங்கி, நடுவில் ஆழத்திற்குப் போய்த் திரும்பியிருக்கலாம். எனவே மீள்பிடிப்புகளை நாள்களின் எண்ணிக்கையால் மட்டுமன்றி, பிடிபட்ட பருவத்தாலும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, உதிர்ந்த குறிகள். இரட்டைக் குறியிட்டவற்றில் 40 சிங்கிகள் இரு குறிகளோடும், 10 சிங்கிகள் ஒரே குறியோடும் திரும்பின என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறி தங்கும் வாய்ப்பு, 80-ஐ 90-ஆல் வகுத்தால் 0.89. எனவே ஒற்றைக் குறியிட்டவற்றில் சுமார் 11 விழுக்காடு குறியை இழந்து அடையாளம் அற்றுப்போயிருக்கும். இரட்டைக் குறியிட்டவற்றில் இரண்டையும் இழந்தவை ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே மேல்.

இனி வருவதே இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. மீள்பிடிப்பு வரைபடம், சிங்கி எங்கே போனது என்பதோடு, வலை எங்கே போனது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. யாரும் வலை போடாத கட்டத்திலிருந்து ஒரு குறிகூட வராது. அதனால் அங்கே சிங்கியே இல்லை என்றாகிவிடாது. ஒரு பருவத்தில் 'அ' என்னும் கட்டத்திலிருந்து 30 குறிகளும், 'ஆ' என்னும் கட்டத்திலிருந்து 6 குறிகளும் வந்தன எனக் கொள்வோம். வரைபடத்தில் 'அ' ஐந்து மடங்கு முக்கியமாகத் தோன்றும். ஆனால் 'அ'-வில் 600 முறையும் 'ஆ'-வில் 60 முறையும் வலை போடப்பட்டிருந்தால், நூறு முறைக்கு 'அ'-வில் ஐந்தும் 'ஆ'-வில் பத்தும் கிடைத்துள்ளன. உண்மையில் சிங்கிகள் அடர்ந்திருப்பது 'ஆ'-வில். முதல் வரைபடத்தை நம்பி 'அ'-வை மூடினால், படகுகள் 'ஆ'-வுக்கு நகர்ந்து, காக்க வேண்டியதையே அழிக்கும்.

ஆகவே மீன்பிடி முயற்சியைப் பதிவுசெய்யாத குறியிடல் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம் என்பேன். துறைமுகத்தில் வாரத்தில் சில நாள்கள், திரும்பும் படகுகளில் ஒரு பகுதியிடம், எந்தக் கட்டத்தில், எந்த வலையை, எத்தனை முறை, எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும். குறிகளை வாங்கும் பணத்தில் கால் பங்கைக் குறைத்தாவது அவருக்குச் சம்பளம் கொடுங்கள். இழுவலையின் ஒரு மணி நேரமும் செவுள் வலையின் ஓர் இரவும் ஒன்றல்ல என்பதால், வலைவகையைத் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. அந்த 61 நாள்களில் குறி வராததைச் சுழி என்று எழுதக் கூடாது, "தகவல் இல்லை" என்றே எழுத வேண்டும். ஆகஸ்டில் தொழில் தொடங்கியதும் முதல் இரண்டு வாரங்களில் வரும் குறிகளைத் தனியே வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் நடந்த நகர்வின் சுவடு அவற்றில்தான் எஞ்சியிருக்கும்.

பத்தாம் படி: முடிவை விதியாக மாற்றுதல்

பெரும்பாலான சிங்கிகள் ஆண்டு முழுவதும் சில கிலோமீட்டருக்குள் தங்குகின்றன என்று தெரிந்தால், அதைவிடச் சற்றுப் பெரிய பகுதியை மூடுவதில் பொருள் உண்டு. ஸ்பெயினின் கொலும்ப்ரெட்டஸ் தீவுகளைச் சுற்றி 1990 முதல் காக்கப்படும் கடற்பகுதியிலிருந்து எல்லை தாண்டி வெளியேறிய முள் சிங்கிகள், மூடியதால் இழந்த பரப்பை ஈடுசெய்ததற்கும் மேலாக, அண்டைப் பகுதி மீனவர்களின் பிடிப்பை எடையில் சுமார் 10 விழுக்காடு உயர்த்தின. இதைக் கண்டறிந்ததும் பல ஆண்டுக் குறியிடலே. வெளியேறவே வெளியேறாத விலங்கால் மீனவருக்குப் பயனில்லை. கட்டற்று அலையும் விலங்கை வேலி காக்காது. நடுவில் இருப்பதற்கே மூடல் பொருந்தும்.

பெண் சிங்கிகள் குறிப்பிட்ட மாதங்களில் குறிப்பிட்ட ஆழத்திற்கு நகர்வது தெரிந்தால், அந்த மாதங்களில் அந்த ஆழத்திற்கு மட்டும் தடை கோரலாம். ஆண்டு முழுவதுமான தடையைவிட இதைப் படகுக்காரர்கள் ஏற்பது எளிது. சிங்கிகள் பரவலாக அலைகின்றன என்று தெரிந்தால், இடத்தை விட்டுவிட்டு அளவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏற்றுமதிக்கான குறைந்தபட்ச எடை, பாலிபேகஸுக்கு 300 கிராம், ஹோமாரஸுக்கு 200 கிராம், ஆர்னேட்டஸுக்கு 500 கிராம் என்று 2003-இலேயே அறிவிக்கப்பட்டுள்ளது. அதைக் கடலில் பிடிக்கும் நிலையிலேயே கடைப்பிடிக்கச் செய்வதும், முட்டை சுமப்பவற்றை உயிரோடு கடலில் விடுவதும் நடமாட்டம் எப்படி இருந்தாலும் பயன்தரும். ஆய்வு முடியட்டும் என்று இவ்விரண்டையும் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை.

ஓர் எல்லையையும் அதிகாரிகளிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் பைலோசோமா என்னும் கண்ணாடிபோன்ற இளவுயிரி, இனத்தைப் பொறுத்துச் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் கடலில் மிதந்து, பிறகே பியூருலஸ் என்னும் நீந்தும் குட்டியாக உருமாறிக் கரையை நோக்கி நீந்துகிறது. மும்பையில் இட்ட முட்டை மும்பைக்கே திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. வளர்ந்த சிங்கியின் நடையை மட்டுமே குறி காட்டும். இளவுயிரியின் பயணத்திற்கு மரபணு ஒப்பீடும் நீரோட்டக் கணக்கும் தேவை.

முடிவுகளை அறிக்கையாக அனுப்பும் முன், சசூன் டாக்கிலும் வெர்சோவாவிலும் பெரிய வரைபடமாக ஒட்டுங்கள். குறி தந்த ஒவ்வொருவருக்கும் அவருடைய சிங்கி எங்கே விடப்பட்டது, எத்தனை நாள் கழித்து அவரிடம் வந்தது, எவ்வளவு வளர்ந்திருந்தது என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அடுத்த குறி அதனால்தான் வரும். திட்டத்தின் நிதி முடிந்தபின்னும் குறியில் அச்சிட்ட செல்பேசி எண்ணைக் குறைந்தது மூன்று, நான்கு ஆண்டுகள் உயிரோடு வைத்திருங்கள். அதற்கான கட்டணத்தையும், தாமதமாக வரும் குறிகளுக்கான வெகுமதியையும் தொடக்க வரவுசெலவுத் திட்டத்திலேயே தனித்தொகையாக எழுதி, அழைப்பை எடுத்துப் பதிவேட்டில் சேர்க்கும் பொறுப்பை மாணவர் ஒருவரின் பெயரில் அல்லாமல் நிறுவனத்தின் பெயரில் வைத்துவிடுங்கள்.